அமெரிக்க எண்ணைத் தேடும் முன் நம் எண்ணைத் தெரிந்துகொள்வோம்

இணையம் வழியாக வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துப் படிப்புச் செலவைச் சமாளிக்கும் மாணவர்கள் இன்று நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளோடு வளர்ந்த நமக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு கேள்வி வந்து வழி மறிக்கிறது: “உங்கள் அமெரிக்க வரி எண் என்ன?”

இந்தக் கேள்விக்கு மாணவர்களின் புலனக் குழுக்களில் சுற்றி வரும் பதில் ஒன்றே ஒன்றுதான். “இ.ஐ.என். எடுத்துவிடு!” அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நிறுவனங்களுக்கும் தொழில் செய்வோருக்கும் கொடுக்கும் ஒன்பது இலக்க எண்தான் இ.ஐ.என். அது கையில் இருந்தால் வரிப் பிடித்தம் குறையும், பணம் தடையில்லாமல் வரும், வாடிக்கையாளர் நம்மை நம்புவார் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

என் கருத்து வேறு. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு எழுதும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த எண் தேவையே இல்லை. நாம் வாங்கும் பணம் எந்த வகையைச் சேர்ந்தது, நம் சொந்த நாட்டில் நமக்குரிய வரி எண் என்ன என்ற இரண்டு விஷயங்களில் தெளிவு இருந்தால் போதும். அந்தத் தெளிவு இல்லாததால்தான் நம்மில் பலர் காசையும், சில சமயம் கடப்பிதழின் நகலையும், முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

தவறான பாரம், தேவையில்லாத எண்

நான் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவள். கடந்த ஆண்டு முதல் அமெரிக்காவில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு மாதம் நான்கு ஆங்கிலக் கட்டுரைகள் எழுதிக் கொடுக்கிறேன். முதல் மாதக் கட்டணத்தை அனுப்பும் முன் அவர்கள் டபிள்யூ-9 என்ற பாரத்தை எனக்கு அனுப்பினார்கள். அதைப் பூர்த்தி செய்யாவிட்டால் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தப் பாரத்தில் எண்ணை எழுதுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, அமெரிக்கர்களின் சமூகப் பாதுகாப்பு எண். மற்றொன்று இ.ஐ.என். முதல் எண் நமக்குக் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே இரண்டாவதை எப்படியாவது வாங்கியாக வேண்டும் என்று தோன்றுகிறது. நம் மாணவர்கள் இ.ஐ.என். தேடி அலையத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அந்த வாரமே முகநூலில் விளம்பரம் செய்யும் முகவர் ஒருவரைத் தொடர்புகொண்டு விசாரித்தேன். “தங்கச்சி, 900 ரிங்கிட்தான். பாஸ்போர்ட் காப்பி, ஐ.சி. காப்பி அனுப்பிடுங்க, மத்ததெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்,” என்றார். நான்கு கட்டுரைகளுக்கு எனக்கு வரவேண்டிய பணமே அவ்வளவு இல்லை. அதனால் முதலில் அந்தப் பாரத்தையும் அதன் விளக்கக் குறிப்பையும் முழுதாகப் படித்தேன்.

படித்ததும் விஷயம் விளங்கியது. டபிள்யூ-9 அமெரிக்கக் குடிமக்களுக்கும் அந்நாட்டு வரிச் சட்டப்படி அமெரிக்கர்களாகக் கருதப்படுவோருக்கும் உரிய பாரம். அதில் கையெழுத்துப் போடுபவர், தாம் அத்தகைய அமெரிக்கர் என்று உறுதிமொழி தருகிறார். பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற பொறுப்பும் அந்தக் கையெழுத்தில் அடங்கியிருக்கிறது. மலேசியாவில் வசிக்கும் மலேசியர் ஒருவர் இ.ஐ.என். வாங்கி அந்தக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டால், பிரச்சினை தீராது. ஒரு பொய்யான உறுதிமொழிதான் மிஞ்சும்.

வெளிநாட்டில் வாழும் தனிநபருக்கு உரிய பாரம் டபிள்யூ-8 பி.இ.என். ஆகவே நான் இப்படிப் பதில் எழுதினேன்: “நான் மலேசியக் குடிமகள். மலேசியாவில் வசிக்கிறேன். இந்தப் பணி முழுவதையும் மலேசியாவில் இருந்தே செய்கிறேன். டபிள்யூ-9 எனக்குப் பொருந்தாது. டபிள்யூ-8 பி.இ.என். பாரத்தை இணைத்துள்ளேன்.” மூன்று நாளில் அவர்களின் கணக்காளர் ஏற்றுக்கொண்டார். பணம் பிடித்தம் இல்லாமல் வந்தது. எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

அந்தப் பாரம் ஒரே பக்கம்தான். பெயர், குடியுரிமை, வீட்டு முகவரி, பிறந்த தேதி, சொந்த நாட்டு வரி எண், கையெழுத்து. அஞ்சல் பெட்டி எண்ணை வீட்டு முகவரியாகக் கொடுக்கக்கூடாது. பாரத்தை ஐ.ஆர்.எஸ்.சுக்கு அனுப்பவும் தேவையில்லை. பணம் தருபவரிடம் கொடுத்தால் போதும். பொதுவாக, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் வரும் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை அது செல்லும். விவரங்கள் மாறினால் மட்டும் முன்னதாகவே புதியது தரவேண்டும்.

கட்டணமா, ராயல்டியா?

30 விழுக்காடு என்ற பயமுறுத்தல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் உருவாகும் சில வகை வருமானம் வெளிநாட்டவருக்குப் போகும்போது, பணம் தருபவர் 30 விழுக்காட்டைப் பிடித்து அந்நாட்டு அரசிடம் கட்டவேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. ‘அமெரிக்காவில் உருவாகும்’ என்ற சொற்களைக் கவனியுங்கள்.

உழைப்புக்குக் கூலியாக வரும் பணம் எங்கே உருவாகிறது என்பதை, வேலை எங்கே செய்யப்பட்டது என்பதை வைத்தே அமெரிக்கச் சட்டம் முடிவு செய்கிறது. வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருக்கலாம். பணம் அமெரிக்க வங்கியிலிருந்து வரலாம். ஆனால் கிள்ளானில் என் அறையில் உட்கார்ந்து நான் கட்டுரை எழுதினால் அது அமெரிக்காவில் உருவான வருமானம் ஆகாது. அதற்கு அங்கே வரிப் பிடித்தமும் கிடையாது. இதைப் பணம் தருபவருக்குத் தெளிவாகக் காட்ட, கட்டண ரசீதில் “பணி முழுவதும் மலேசியாவில் செய்யப்பட்டது” என்று ஒரு வரி சேர்ப்பது நல்ல பழக்கம்.

ராயல்டியின் கதை வேறு. நீங்கள் ஒரு மின்னூலை எழுதி அமேசான் கிண்டிலில் வெளியிட்டால், வாங்குவது உழைப்புக்கான கூலி அல்ல. உங்கள் படைப்பைப் பயன்படுத்தும் உரிமைக்கான பணம். அந்த உரிமை எங்கே பயன்படுத்தப்படுகிறதோ அங்கே அந்த வருமானம் உருவானதாகக் கணக்கு. எங்கிருந்து எழுதினாலும், அமெரிக்காவில் விற்ற பிரதிகளுக்கான ராயல்டியில் 30 விழுக்காடு போய்விடும். 2021 ஜூன் முதல் யூடியூப் படைப்பாளர்களுக்கும், அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வரும் வருமானத்தில் இதே வகைப் பிடித்தம் நடக்கிறது. காணொளி செய்யும் நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கும்.

எண் கொடுத்தால் பிடித்தம் குறையுமா?

“அப்படியானால் ராயல்டி வாங்குபவர்களாவது இ.ஐ.என். எடுக்கலாமே?” என்று கேட்கலாம். இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை இருக்கிறது. பிடித்தத்தைக் குறைப்பது எண் அல்ல. இரு நாடுகளுக்கு இடையே உள்ள வரி ஒப்பந்தமே குறைக்கிறது.

ஒரே மாதிரியான தமிழ் மின்னூல் ஒன்றை நான்கு பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் அமெரிக்க விற்பனையில் 100 டாலர் ராயல்டி. இலண்டனில் வசிக்கும் எழுத்தாளருக்கு, பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் 100 டாலரும் கிடைக்கும். கொழும்பில் வசிப்பவருக்கு 10 விழுக்காடு பிடித்தம் போக 90. சென்னையில் வசிப்பவருக்கு 15 விழுக்காடு போக 85. கிள்ளானிலோ சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலோ வசிப்பவருக்கு 70 மட்டுமே. காரணம், மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான வருமான வரி ஒப்பந்தம் கிடையாது. சிங்கப்பூருக்கும் அப்படித்தான். கப்பல், விமானப் போக்குவரத்து போன்றவற்றுக்கு இருக்கும் குறுகிய ஏற்பாடுகள் எழுத்தாளருக்கு உதவா.

ஆகவே நீங்கள் இ.ஐ.என். எடுத்தாலும் 30 விழுக்காடுதான். எடுக்காவிட்டாலும் 30 விழுக்காடுதான். “எண் வாங்கினால் பிடித்தம் குறையும்” என்று நம் மாணவர்களிடம் சொல்லி 900 ரிங்கிட் கேட்பவர், தர முடியாத ஒன்றை விற்கிறார்.

பிறகு எப்படி இந்த ஆலோசனை இவ்வளவு பரவியது? ஒப்பந்தச் சலுகை கேட்பவர்கள் அமெரிக்க எண் ஒன்றைக் கட்டாயம் தரவேண்டிய காலம் ஒன்று இருந்தது. பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் எழுத்தாளர்கள், ஐ.டி.ஐ.என். என்ற தனிநபர் எண்ணைப் பெறுவதற்குக் கடப்பிதழை அனுப்பிக் காத்திருக்க மனமின்றி, ஒரே தொலைபேசி அழைப்பில் கிடைத்த இ.ஐ.என்.னை நாடினார்கள். அவர்களுக்கு அது உண்மையாகவே பயன்பட்டது. பின்னர் சொந்த நாட்டு வரி எண்ணையே ஏற்றுக்கொள்ளும்படி டபிள்யூ-8 பி.இ.என். பாரம் மாறியது. அவர்களுக்கே தேவை குறைந்துவிட்ட ஆலோசனையை, ஒப்பந்தமே இல்லாத நாட்டில் இருக்கும் நாம் இன்னும் கைமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் யாருக்குத் தேவை?

இ.ஐ.என். யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் நிறுவனம் பதிவு செய்தவருக்கும், அங்கே ஆள் வைத்து வேலை வாங்குபவருக்கும் அது தேவை. அப்படித் தேவைப்பட்டாலும் அதற்குக் கட்டணம் கிடையாது. எஸ்.எஸ்.-4 என்ற பாரத்தைப் பூர்த்தி செய்து விண்ணப்பிக்கவேண்டும். அமெரிக்க சமூகப் பாதுகாப்பு எண்ணோ ஐ.டி.ஐ.என்.னோ இல்லாத வெளிநாட்டவர் இணையத்தில் விண்ணப்பிக்க முடியாது. தொலைபேசி, தொலைநகல், அஞ்சல் ஆகிய வழிகள் திறந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் பேசவும் பாரம் நிரப்பவும் தெரிந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கு முகவர் எதற்கு?

“இலவசம்தானே, எடுத்து வைத்தால் என்ன நஷ்டம்?” என்பது நியாயமான கேள்வி. எண்ணால் மட்டும் பெரிய நஷ்டம் வராது. ஆனால் பல விளம்பரங்கள் எண்ணோடு நிறுத்துவதில்லை. “வயோமிங்கில் ஒரு எல்.எல்.சி. திறங்கள், டெலவேரில் ஒரு நிறுவனம் பதியுங்கள், எண்ணும் வங்கிக் கணக்கும் சேர்ந்தே வரும்” என்று இழுக்கின்றன. வெளிநாட்டவர் ஒருவர் மட்டுமே சொந்தமாக வைத்திருக்கும் எல்.எல்.சி., அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பணம் கைமாறிய ஆண்டுகளில் 5472 என்ற பாரத்தை ஐ.ஆர்.எஸ்.சிடம் சமர்ப்பிக்கவேண்டும். லாபம் ஒரு டாலர்கூட இல்லாவிட்டாலும் இந்தக் கடமை உண்டு. தவறினால் அபராதம் 25,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய நூறாயிரம் ரிங்கிட். மாதம் சில நூறு ரிங்கிட் சம்பாதிக்கும் மாணவர் தலையில் ஏற்றிக்கொள்ளக்கூடிய சுமையா இது? எனக்குத் தெரிந்து விளம்பரங்களில் இதைப் பெரிய எழுத்தில் போடுபவர் யாரும் இல்லை.

நம் எண் எங்கே?

டபிள்யூ-8 பி.இ.என். பாரத்தில் ‘சொந்த நாட்டு வரி எண்’ என்று ஒரு கட்டம் உண்டு என்றேன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அமெரிக்க எண்ணைப் பற்றி இவ்வளவு பேசும் நம்மில் எத்தனை பேருக்கு நம் நாட்டு எண் தெரியும்? என் வகுப்பில் இணையம் வழி சம்பாதிக்கும் ஆறு பேரிடம் கேட்டேன். ஒருவர் மட்டுமே வைத்திருந்தார்.

மலேசியாவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ் தளத்தில் இ-டாஃப்தார் வழியாகப் பதிந்துகொள்ளலாம். தனிநபர் எண் ‘ஐ.ஜி.’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் இன்னும் எளிது. அடையாள அட்டை எண்ணே வரி எண்ணாகவும் பயன்படுகிறது.

“எண் வாங்கினால் வரி கட்டவேண்டி வருமே” என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். மலேசியாவில் ஒருவர் செலவுகள் போக ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் விலக்கு 9,000 ரிங்கிட் போக மீதம் 11,000. அதில் முதல் 5,000 ரிங்கிட்டுக்கு வரி இல்லை. மீதி 6,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அதாவது 60 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் கழிவு உண்டு. ஆகவே கட்டவேண்டியது சுழியம். இதற்கு மேல், இலக்கியப் படைப்புகளை வெளியிட்டுப் பெறும் ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 ரிங்கிட் வரை தனி விலக்கும் இருக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கே சொல்லிவிடவேண்டும். “வெளிநாட்டுப் பணம்தானே, இங்கே கணக்குக் காட்ட வேண்டாம்” என்கிறார்கள். அமெரிக்கா எந்த அளவுகோலை வைத்து “இது இங்கே உருவான வருமானம் அல்ல” என்று விட்டுவிடுகிறதோ, அதே அளவுகோலின் மறுபக்கம் இது. இங்கே உட்கார்ந்து செய்த வேலையின் கூலி இங்கே உருவான வருமானம். பணம் டாலரில் வந்தது என்பதால் அது மாறிவிடாது. இரண்டு நாட்டுக்கும் பதில் சொல்லாமல் நடுவில் ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

சம்பளம் மட்டும் வாங்குபவர்கள் ‘பி.இ.’ பாரம் சமர்ப்பிப்பார்கள். சுயமாகத் தொழில் செய்து வருமானம் ஈட்டுவோருக்கு உரியது ‘பி’ பாரம். அடுத்த ஆண்டு ஜூன் 30 அதன் கெடு. ரசீதுகளையும் வங்கி அறிக்கைகளையும் ஏழு ஆண்டு பத்திரமாக வைத்திருக்கவேண்டும். இதில் நமக்கும் ஆதாயம் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாத ஒருவர் நாளை மோட்டார் சைக்கிள் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ வங்கியில் நிற்கும்போது, “நான் சம்பாதிக்கிறேன்” என்பதற்கு அவர் காட்டக்கூடிய நல்ல ஆதாரம் முறையாகச் சமர்ப்பித்த அந்தப் பாரம்தான்.

செய்யக்கூடியது

நம் கல்விமுறையில் ஒரு விந்தை இருக்கிறது. மூன்று மொழிகளில் கட்டுரை எழுதப் பழக்குகிறார்கள். பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோர் பாடமும் நடத்துகிறார்கள். வணிகத் திட்டம் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் எழுதிய கட்டுரைக்குப் பணம் வரும்போது நிரப்பவேண்டிய ஒரு பக்கப் பாரத்தை யாரும் காட்டுவதில்லை. அந்த இடைவெளியில்தான் முகவர்கள் பிழைக்கிறார்கள்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பல்கலைக்கழகங்களில் உள்ள தமிழ்ப் பேரவைகளும் இந்திய மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் பட்டறைகள் நடத்துகின்றன. அவற்றில் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். வரிக் கணக்காளராக வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவரை அழைக்கலாம். வந்திருப்பவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே மைடேக்ஸில் பதிந்துவிட்டு, டபிள்யூ-8 பி.இ.என். பாரத்தை ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். விளக்கம் தமிழில் இருந்தால் இன்னும் நல்லது. அம்மா அப்பாவிடமும் அதே சொற்களில் எடுத்துச் சொல்ல முடியும். “ஏதோ அமெரிக்க விவகாரம்” என்று அவர்கள் பயப்படவும் மாட்டார்கள்.

எங்கள் சங்கத்தின் செயலவைக்கு இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் நடத்தலாம் என்று அக்கா ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். உங்கள் கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள். அதுவரை, யாராவது உங்களிடம் அமெரிக்க எண் கேட்டால் மூன்றை மட்டும் சரிபாருங்கள்: அவர் அனுப்பியது எந்தப் பாரம், வரப்போவது கூலியா ராயல்டியா, உங்கள் நாட்டு வரி எண் கைவசம் இருக்கிறதா. இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகும் அமெரிக்க எண் தேவை என்று பட்டால், நீங்களே விண்ணப்பியுங்கள். கடப்பிதழின் நகலை மட்டும் முகம் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள்.